மேடையிலிருந்து விருந்து மேசைக்கு: இத்தாலிய நகைச்சுவை நாடகப் பீங்கான் உருவங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய அரசவைகளுக்காக, ஒரு சாண் உயரமே உள்ள நாடகப் பாத்திரங்கள் பீங்கானில் செய்யப்பட்டன. அவற்றை அருங்காட்சியகத்திலோ ஏல நிறுவனங்களின் படங்களிலோ முதன்முறை பார்ப்பவர்களுக்கு எழும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். இவ்வுருவங்களை அலங்காரப் பொம்மைகள் என்று ஒதுக்கிவிடாமல், நடித்துக்கொண்டிருக்கும் நடிகர்களாகப் பார்க்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. பதில்கள் எல்லாவற்றிலும் அந்தப் பார்வை இருக்கும்.

இந்த உருவங்கள் யாரைக் காட்டுகின்றன?

பெரும்பாலானவை கொமேடியா தெல்லார்த்தே எனப்படும் இத்தாலிய நகைச்சுவை நாடகத்தின் நிலையான பாத்திரங்களைக் காட்டுகின்றன. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தாலியில் உருவான இந்த நாடகத்தைத் தொழில்முறை நடிகர் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று நடத்தின. 1545இல் பதுவா நகரில் நடிகர்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. இந்த நாடகத்துக்கு எழுதிவைத்த வசனம் கிடையாது. கதையின் போக்கு மட்டும் சுருக்கமாக எழுதப்பட்டிருக்கும்; பேச்சையும் சேட்டையையும் நடிகர்கள் மேடையிலேயே உருவாக்கிக்கொள்வார்கள். ஒரு நடிகர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே பாத்திரத்தில் கழிப்பதும் வழக்கம். ஆகவே நடை, நிற்கும் விதம், கையசைவு, உடை ஆகியவற்றைக் கொண்டே பார்வையாளர்கள் பாத்திரத்தை அடையாளம் கண்டார்கள். வாய் திறக்காமலே அடையாளம் தெரியும் பாத்திரங்கள் இவை என்பதால், பேச முடியாத பீங்கானுக்கு இவற்றைவிடப் பொருத்தமான பொருள் அமைந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

எந்தப் பாத்திரம் யார் என்று எப்படி அறிவது?

முதலில் உடையைப் பாருங்கள். பல வண்ணச் சாய்சதுரத் துண்டுகள் தைத்த இறுக்கமான உடையும் கறுப்பு அரைமுகமூடியும் இடையில் ஒரு மரமட்டையும் இருந்தால் அவன் ஆர்லெக்கினோ. ஐரோப்பாவின் பிற பகுதிகளில் ஹார்லெக்வின் என்று அழைக்கப்படுபவன். பெர்கமோ பகுதியிலிருந்து வந்த வேலைக்காரனாகச் சித்திரிக்கப்படும் இவனுக்கு எப்போதும் பசி. அந்தப் பசியிலிருந்துதான் தந்திரமும் பிறக்கிறது. அவனுடைய உடையின் சாய்சதுரங்கள் தொடக்கத்தில் ஏழையின் ஒட்டுத் துணிகளாக இருந்து, பின்னர் ஒழுங்கான வடிவமாக மாறியவை. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள மைசன் பீங்கான் தொழிற்சாலையின் ஓவியர்கள் இதில் மேலும் விளையாடினார்கள்: உடையின் ஒரு பாதியில் சாய்சதுரங்களையும் மறுபாதியில் கோடுகளையும் தீட்டினார்கள், சில உருவங்களில் சீட்டுக்கட்டின் சீட்டுகளையே துணியின் மீது வரைந்துவைத்தார்கள்.

சிவப்பு மேற்சட்டையும் கால்சட்டையும், மேலே கறுப்பு நீள்மேலங்கியும், கூரிய தாடியும் கொண்ட கிழவர் பந்தலோனே. அவர் வெனிஸ் நகர வணிகர். பணத்தின் மீதும் இளம்பெண்களின் மீதும் ஒரே அளவு பேராசை கொண்டவர். கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் அணிந்த தொத்தோரே, பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு அரைகுறை லத்தீனில் வாய் ஓயாமல் பேசும் பண்டிதர். கப்பித்தானோ வாளை நீட்டி வீரம் பேசுவான். ஆபத்து வந்தால் முதலில் ஓடுபவனும் அவனே. தொளதொளத்த வெள்ளை உடையில் நிற்பவன் பியெரோ. கோடு போட்ட உடை மெத்செத்தீனோவுக்கு உரியது. கொலம்பீனா கூர்மையான அறிவுள்ள பணிப்பெண். காதலர்களாக வரும் இளைஞனும் இளம்பெண்ணும் முகமூடி அணிவதில்லை. அவர்கள் தம் காலத்து நாகரிக உடையில் இருப்பதால், சாதாரண அரசவை இணை என்று தவறாகக் கருதிவிடுவது எளிது.

ஹார்லெக்வினின் முகம் ஏன் கறுப்பாக இருக்கிறது?

அது தோலின் நிறமன்று. தோலால் செய்த முகமூடி. மேடையில் அணியப்பட்ட அரைமுகமூடி நெற்றியையும் மூக்கையும் கன்னங்களின் மேற்பகுதியையும் மறைத்து, பேசுவதற்கு ஏதுவாக வாயைத் திறந்துவிட்டது. பீங்கான் உருவங்களில் அது பெரும்பாலும் கறுப்பு வண்ணத்தால் தீட்டப்பட்டிருக்கும். உருவத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால், கறுப்பு முடியும் இடத்துக்குக் கீழே வாயும் தாடையும் வெளிர்நிறமாகத் தெரியும்.

இவ்வளவு பெரிய மோகம் சாக்சனியில் தொடங்கியது ஏன்?

காரணம், ஐரோப்பாவில் உண்மையான கடினப் பீங்கான் முதலில் செய்யப்பட்டது அங்கேதான். தமிழில் ஊறுகாய் ஜாடி முதல் தேநீர்க் கோப்பை வரை மெருகேற்றிய பலவகைப் பொருள்களையும் பீங்கான் என்றே சொல்கிறோம். இங்கே பேசப்படுவது கயோலின் என்ற வெண்களிமண்ணை உருகும் தன்மையுள்ள கனிமங்களோடு கலந்து, ஏறத்தாழ 1400 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு எடுக்கும் பொருள். வெள்ளையாகவும் கண்ணாடிபோல் இறுகியும் இருக்கும். மெல்லிய இடங்களில் ஒளி ஊடுருவும். சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்த இந்தப் பொருளுக்காக ஐரோப்பிய மன்னர்கள் பெரும் செல்வத்தைச் செலவிட்டார்கள். செய்முறை மட்டும் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

சாக்சனியின் ஆட்சியாளரும் போலந்தின் மன்னருமான வலிய அகஸ்டஸ், தங்கம் செய்து தருவதாகச் சொல்லிய இளைஞர் யோஹான் ஃப்ரீட்ரிஷ் பெட்கரைக் காவலில் வைத்திருந்தார். அறிவியலறிஞர் எஹ்ரன்ஃப்ரீட் வால்ட்டர் ஃபொன் டிஷிர்ன்ஹவுஸோடு சேர்ந்து உழைத்த பெட்கர், 1708இல் தங்கத்துக்குப் பதிலாகப் பீங்கானைக் கண்டடைந்தார். 1710இல் தொழிற்சாலை நிறுவப்பட்டு, ரகசியம் வெளியே போகாதபடி மைசன் நகரின் ஆல்பிரெக்ட்ஸ்பர்க் கோட்டைக்குள் வைக்கப்பட்டது. அந்தத் தொடக்க ஆண்டுகளிலேயே பெட்கரின் செந்நிறக் கல்மண்ணில் (கல்போல் இறுகும்படி சுட்ட களிமண்) நகைச்சுவை நாடகப் பாத்திரங்கள் சிலவற்றைச் செய்துபார்த்தார்கள்.

நாடகமும் அந்த அரசவைக்குப் புதியதன்று. இத்தாலிய நடிகர்கள் சாக்சனியின் தலைநகரான ட்ரெஸ்டனுக்கு அழைக்கப்பட்டார்கள். அகஸ்டஸின் மகன் மூன்றாம் அகஸ்டஸின் காலத்தில், 1738 முதல் ஏழாண்டுப் போர் தொடங்கிய 1756 வரை, ஓர் இத்தாலியக் குழு அரசவைப் பணியிலேயே இருந்தது. மேசையில் நின்ற பீங்கான் ஹார்லெக்வினைப் பார்த்துச் சிரித்தவர்கள், மேடையில் உயிருள்ள ஹார்லெக்வினையும் பார்த்தவர்கள்தாம்.

இவற்றை எதற்காகப் பயன்படுத்தினார்கள்?

கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்காக இவை செய்யப்படவில்லை. அரச விருந்தின் இறுதிக் கட்டமான இனிப்புப் பந்தியில், மேசையின் நடுவே காட்சியாக அமைப்பதற்காகச் செய்யப்பட்டவை. அதற்கு முன்பு இந்த இடத்தில் இருந்தவை சர்க்கரை உருவங்கள். சர்க்கரையையும் பிசினையும் பிசைந்து, கோட்டைகளையும் தேவதைகளையும் வேட்டைக் காட்சிகளையும் அரண்மனை இனிப்புச் சமையல்காரர்கள் செய்துவைப்பார்கள்; விருந்து முடிந்ததும் அவை உடைந்தோ கரைந்தோ போய்விடும். பீங்கான் வந்ததும் அதே காட்சியை மீண்டும் மீண்டும், வெவ்வேறு விதமாக அமைக்க முடிந்தது. இந்த உருவங்கள் பல அரண்மனைகளில் கலைக்கூடத்தில் வைக்கப்படாமல், இனிப்புச் சமையல் துறையின் பொறுப்பிலேயே இருந்தன என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

மேசையின் நடுவே கண்ணாடித் தட்டு குளமாகும். வண்ணச் சர்க்கரைப் பொடி தோட்டத்துப் பாத்திகளாகும். அவற்றுக்கிடையே ஹார்லெக்வினும் கொலம்பீனாவும் நிற்பார்கள். மெழுகுவத்தியின் சுடர் அசையும்போது மெருகின் மீது ஒளி நகரும். அதனால் உருவமே அசைவதுபோல் தோன்றும். நான்கு பக்கமும் விருந்தினர் அமர்ந்திருப்பதால், ஒவ்வொருவருக்கும் உருவத்தின் வேறொரு பக்கம் தெரியும். இதைப் புரிந்துகொண்டால், இவற்றின் முதுகுப்புறமும் ஏன் அத்தனை அக்கறையோடு வடிக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். இப்போது பல காட்சிப் பெட்டிகளில் இவை சுவரை ஒட்டி, ஒரே திசையை நோக்கி, படையணிபோல் நிறுத்தப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பாதி நடிப்பு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கேண்ட்லர் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே, அவர் யார்?

யோஹான் யோவாகிம் கேண்ட்லர் 1706இல் பிறந்து, ட்ரெஸ்டனில் பயின்ற சிற்பி. 1731இல், தம் 25ஆம் வயதில் மைசன் தொழிற்சாலையில் சேர்ந்தார். 1733இல் அச்சுருச் சிற்பிகளின் தலைவரானார். 1775இல் இறக்கும்வரை அங்கேயே உழைத்தார். அவருக்குத் தரப்பட்ட முதல் பெரிய பணி, ட்ரெஸ்டனின் ஜப்பானிய அரண்மனைக்காக விலங்குகளையும் பறவைகளையும் ஏறத்தாழ உயிரளவில் பீங்கானில் செய்வது. அவ்வளவு பெரிய உருவங்கள் சூளையில் வெடித்தன, வளைந்தன. இந்தப் பொருள் எதைத் தாங்கும், எங்கே முறியும் என்பதை அந்தத் தோல்விகளிலிருந்தே அவர் கற்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1730களின் நடுவிலிருந்து அவர் சிறிய நாடக உருவங்களுக்குத் திரும்பியபோது அந்த அறிவு கைகொடுத்தது.

கேண்ட்லரின் ஹார்லெக்வின்களில் அமைதியாக நிற்பவர்கள் குறைவு. ஒருவன் தொப்பியைக் கழற்றி, உடம்பை முறுக்கி வணக்கம் சொல்கிறான். ஒருவன் மதுச்சாடியை இறுகப் பிடித்தபடி, யாரோ வந்துவிட்டதுபோல் திடுக்கிடுகிறான். ஒருவன் துருத்திக்குழல் வாசிக்கிறான். இன்னொருவன் பக் இன நாயையே இசைக்கருவிபோல் இடுக்கிக்கொண்டு அதன் வாலைத் திருகுகிறான். 1740களின் தொடக்கத்தைச் சேர்ந்த குழு உருவம் ஒன்றில், காதலர் இருவர் தம்மை மறந்து அணைத்திருக்க, அவர்கள் காலடியில் கிடக்கும் ஹார்லெக்வின் பெண்ணின் பாவாடை ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறான். இவை ஒவ்வொன்றும் ஒரு சேட்டையின் நடுக்கணம். அதற்கு முந்தைய கணத்தையும் அடுத்த கணத்தையும் பார்ப்பவரே மனத்தில் நிரப்பிக்கொள்கிறார். சிரிப்பு வருவது அங்கேதான்.

வண்ணங்களும் அதற்கு ஏற்றவை. 1730களிலும் 1740களின் தொடக்கத்திலும் கறுப்பு, செங்காவி, மஞ்சள், கடற்பச்சை ஆகியவை ஒன்றுக்கொன்று மோதும்படி அழுத்தமாகத் தீட்டப்பட்டன; நடுவே பெரிய வெள்ளைப் பரப்புகள் வண்ணமில்லாமல் விடப்பட்டன. 1750களில் நாகரிகம் மாறி இளவண்ணங்களும் ஊதாவும் பொன்னும் கூடின. அழகு கூடியது, வேகம் சற்றுக் குறைந்தது என்பது என் கருத்து.

கேண்ட்லர் தனியாக உழைக்கவில்லை. யோஹான் ஃப்ரீட்ரிஷ் எபர்லைன், பேட்டர் ரைனிக்கே போன்ற சிற்பிகள் அவரோடு இருந்தார்கள். அவருடைய மாதாந்தரப் பணியறிக்கைகள் பாதுகாக்கப்பட்டிருப்பதால்தான், எந்த உருவம் எப்போது, யார் கையால் உருவானது என்பதைப் பல இடங்களில் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

சிற்பிகள் மேடையைப் பார்த்துச் செய்தார்களா, படங்களைப் பார்த்தா?

இரண்டும் உண்டு, ஆனால் அச்சுப் படங்களின் பங்கு பெரிது. இதற்குத் தெளிவான சான்று, சாக்சனி-வைசன்ஃபெல்ஸ் கோமகன் இரண்டாம் யோஹான் அடோல்ஃபுக்காக 1740களின் நடுவில் கேண்ட்லரும் ரைனிக்கேயும் செய்த வரிசை. பாரிஸில் இத்தாலிய நாடகக் குழுவை நடத்திய லூயிஜி ரிக்கொபோனி, இத்தாலிய நாடகத்தின் வரலாற்றை எழுதி 1728 முதல் வெளியிட்டார். அதில் பிரான்ஸ்வா ஜூலேன் செதுக்கிய பாத்திரப் படங்கள் இருந்தன. வைசன்ஃபெல்ஸ் வரிசையின் பல உருவங்கள் அந்தப் படங்களைத் தழுவியவை.

பாரிஸ் வழியாக இந்த நாடகம் பரவியதற்கும் ஒரு கதை உண்டு. 14ஆம் லூயி மன்னர் 1697இல் இத்தாலிய நடிகர்களைப் பாரிஸிலிருந்து வெளியேற்றினார். அவர் இறந்த பிறகு, 1716இல் ரிக்கொபோனியின் குழு திரும்ப அழைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திலும் ஓவியர் வாத்தோ போன்றவர்கள் இந்தப் பாத்திரங்களை வரைந்து, மக்களின் கண்ணிலிருந்து அவை மறையாமல் வைத்திருந்தார்கள். ஐரோப்பா முழுவதும் விற்ற அச்சுப் படங்கள் வழியாக அவை ஜெர்மானியத் தொழிற்சாலைகளின் சிற்பிகளைச் சென்றடைந்தன.

தட்டையான படத்தில் முதுகு கிடையாது. வைசன்ஃபெல்ஸ் உருவம் ஒன்றைச் சுற்றிப் பார்க்கும்போது, படத்தில் இல்லாத பின்பக்கத்தை, மேலங்கியின் மடிப்பை, பின்னால் கட்டிய கையை, சிற்பி தாமாகவே கற்பனை செய்திருப்பது தெரியும்.

அரசவையின் உண்மையான கோமாளிகளும் பீங்கானில் உண்டா?

உண்டு. ட்ரெஸ்டன் அரசவை விதூஷகரான யோசெஃப் ஃப்ரோலிஷ் என்பவரைக் கேண்ட்லர் 1730களில் உருவமாகச் செய்தார். கூம்புத் தொப்பியும், தோளில் மாட்டிய கால்சட்டைப் பட்டைகளும் அதன் அடையாளம். ஹார்லெக்வின் ஒரு பாத்திரம், ஃப்ரோலிஷ் ஒரு மனிதர். ஏல விவரங்களில் இந்த வேறுபாடு சில வேளைகளில் மங்கிவிடுகிறது.

பூஸ்தெல்லியின் உருவங்களை ஏன் உச்சம் என்கிறார்கள்?

ஃப்ரான்ஸ் அன்டோன் பூஸ்தெல்லியின் பெயர் தென் ஜெர்மனியின் பவேரிய ஆட்சியாளரின் பீங்கான் தொழிற்சாலை ஆவணங்களில் 1754இல் தோன்றுகிறது; 1763இல் அவர் இறந்துவிட்டார். ஒன்பது ஆண்டுகளுக்கும் குறைந்த அந்தக் காலத்துக்குள், 1760ஐ ஒட்டி, எட்டு ஆண்களும் எட்டுப் பெண்களுமாக 16 நாடக உருவங்கள் கொண்ட வரிசையை அவர் உருவாக்கினார். அப்போது மியூனிக்கின் நொய்டெக் பகுதியில் இருந்த அந்தத் தொழிற்சாலை 1761இல் நிம்ஃபன்பர்க் அரண்மனை வளாகத்துக்கு மாறியது. அந்தப் பெயரிலேயே இன்று அறியப்படுகிறது.

இந்தப் பதினாறு பேரும் இணை இணையாக அமைந்தவர்கள். ஒருவர் கையை நீட்டினால் எதிரில் இருப்பவர் உடம்பைப் பின்னுக்கு வளைக்கிறார். ஒருவர் ஒட்டுக் கேட்டால் மற்றவர் எதையோ மறைக்கிறார். தனியாக ஓர் உருவத்தைப் பார்த்தால் அது நடனமாடுவதுபோல் இருக்கும். இணையோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு பேச்சுக்குச் சொல்லும் பதில் என்று தெரியும். உடல்கள் நீண்டு மெலிந்தவை. முழங்காலிலிருந்து கழுத்துவரை ஒரே சுழலாகத் திரும்புபவை. துணியின் மடிப்புகள் மென்மையாகத் தொங்காமல், மரத்தில் உளி வைத்து வெட்டியதுபோல் கூரிய விளிம்புகளோடு நிற்கின்றன. கேண்ட்லரின் உருவங்கள் பூவும் இலையும் ஒட்டிய கனத்த மண்மேட்டில், அடிமரத்தில் சாய்ந்து நிற்கின்றன. பூஸ்தெல்லியோ பீடத்தை ஒரு மெல்லிய தகடாக்கி, அதிலிருந்தே ஒரு சுருளை எழுப்பி, அதையே உருவத்தின் தாங்கியாகவும் ஆக்கிவிட்டார். சூளையில் உருவம் சாயாமல் இருப்பதற்கான முட்டு, நடனத்தின் பகுதியாகவே மாறிவிடுகிறது.

இருவரில் யார் சிறந்தவர் என்று கேட்டால், சிரிப்புக்குக் கேண்ட்லர், அசைவுக்குப் பூஸ்தெல்லி என்பேன். கேண்ட்லரின் ஹார்லெக்வினிடம் வியர்வையும் பசியும் இருக்கின்றன. பூஸ்தெல்லியின் ஹார்லெக்வின் தரையைத் தொடுவதே அரிது.

வண்ணம் தீட்டாத வெள்ளை உருவங்கள் முடிக்கப்படாதவையா?

அப்படிக் கொள்ள வேண்டியதில்லை. வெள்ளையாகவே விற்கப்பட்ட உருவங்கள் பல உண்டு. பூஸ்தெல்லியின் வடிவங்களை வெள்ளையில் பார்ப்பதையே பலர் விரும்புகிறார்கள். வண்ணம் கண்ணை இழுக்காதபோது சுழலின் ஓட்டம் தெளிவாகத் தெரிகிறது. வேறொரு பக்கமும் உண்டு: 18ஆம் நூற்றாண்டின் வெள்ளை உருவத்துக்குப் பிற்காலத்தில் யாரோ வண்ணம் தீட்டி, விலையை ஏற்ற முயல்வதும் நடந்திருக்கிறது.

வேறு எந்தத் தொழிற்சாலைகள் இவற்றைச் செய்தன?

மைசனின் ரகசியம் வெகுநாள் ரகசியமாக இருக்கவில்லை. தொழிலாளர்கள் ஓடிப்போய் வேறிடங்களில் சூளை மூட்டினார்கள். மைன்ஸ் ஆட்சிக்கு உட்பட்ட ஹோக்ஸ்ட் தொழிற்சாலை, நாடகப் பாத்திரங்களை உயரமான சதுரப் பீடங்களில் சிலைபோல் நிறுத்தியது. அங்கிருந்து ஃபூர்ஸ்டன்பர்க் தொழிற்சாலைக்குச் சென்ற சைமன் ஃபைல்னர் 1750களில் அங்கும் ஒரு வரிசை செய்தார். துரிங்கியாவின் க்ளோஸ்டர் வைல்ஸ்டோர்ஃப் 1760களில் இன்னொரு வரிசையைத் தந்தது. நாடகத்தின் தாயகமான இத்தாலியில், பூர்போன் வம்சத்து சார்ல்ஸ் மன்னர் 1743இல் நேப்பிள்ஸில் நிறுவிய கப்போதிமோந்தே தொழிற்சாலையில், ஜுசெப்பே க்ரிச்சியின் தலைமையில் சிறிய தலையும் பரந்த வெள்ளைப் பரப்பும் கொண்ட உருவங்கள் வந்தன. சார்ல்ஸ் 1759இல் ஸ்பெயினின் அரியணை ஏறியபோது தொழிற்சாலையையும் கூடவே மாட்ரிட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

இங்கிலாந்தில் செல்சி, போ, டார்பி ஆகிய தொழிற்சாலைகள் மைசனைப் பார்த்துச் செய்தன. ட்ரெஸ்டனில் தூதராக இருந்த சர் சார்ல்ஸ் ஹான்பரி வில்லியம்ஸின் மைசன் பீங்கான்கள், 1751இல் செல்சியின் கைவினைஞர்கள் பார்த்துச் செய்வதற்காகவே கொடுக்கப்பட்டன. ஆனால் ஆங்கிலேயர் சொந்தமாகவும் ஒன்றைச் செய்தார்கள்: 1750ஐ ஒட்டி, டேவிட் கேரிக்கின் நகைச்சுவை நாடகம் ஒன்றில் நடித்த கிட்டி க்ளைவ், ஹென்றி உட்வர்ட் என்ற இரு புகழ்பெற்ற நடிகர்களை, அந்த வேடங்களிலேயே போ தொழிற்சாலை உருவமாக்கியது. பாத்திரத்தைவிட நடிகரின் பெயருக்காக விற்ற உருவங்கள் அவை.

ஓர் உருவம் எப்படிச் செய்யப்பட்டது?

சிற்பி முதலில் களிமண்ணிலோ மெழுகிலோ மூல உருவத்தை வடிப்பார். அதைத் தலை, கை, கால், உடல், தொப்பி என்று பல துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுப்பார்கள். அச்சுகளில் பீங்கான் களியை அழுத்தி எடுத்த துண்டுகளை, கூழாகக் கரைத்த அதே களியால் ஒட்டி உருவத்தைச் சேர்ப்பவர் தனிக் கைவினைஞர். முகத்தின் சாய்வும் விரல்களின் நிலையும் இறுதியில் அவர் கையில்தான் இருந்தன; அதனால் ஒரே அச்சிலிருந்து வந்த இரண்டு ஹார்லெக்வின்கள் ஒரே ஆளாக இருப்பதில்லை. உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து உருவத்தை உடைக்காதிருக்க, கண்ணில் படாத இடத்தில் ஒரு துளை விடுவார்கள்.

பிறகு சூளை. மிதமான சூட்டில் ஒருமுறை சுட்டு, மெருகுக் கரைசலில் தோய்த்து, உச்ச வெப்பத்தில் மீண்டும் சுடுவார்கள். அந்த வெப்பத்தில் பீங்கான் இளகும். ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கும். நீட்டிய கை தொங்கிவிடும், ஒற்றைக் காலில் நிற்பவன் சாய்ந்துவிடுவான். நாடக உருவங்களின் பின்னால் அடிமரம் நிற்பது இதற்காகத்தான். வண்ணங்கள் அதற்குப் பிறகு மெருகின் மேல் தீட்டப்பட்டு, குறைந்த வெப்பத்தில் சுடப்படும்.

என்னிடம் குறுக்கு வாள் குறியுள்ள ஹார்லெக்வின் இருக்கிறது. இது 18ஆம் நூற்றாண்டு மைசனா?

குறியை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். மைசன் 1720களிலிருந்து நீலக் குறுக்கு வாள்களை இட்டுவருகிறது. அதைப்போன்ற குறிகளை இட்டவர்களும் பலர். 1845இல் பாரிஸில் தொடங்கப்பட்ட சாம்சன் நிறுவனம் பழைய பீங்கான்களைப் பார்த்துச் செய்வதையே தொழிலாகக் கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் துரிங்கியாவிலும் ட்ரெஸ்டனைச் சுற்றியும் ஏராளமான சிறு தொழிற்சாலைகள் இதே பாத்திரங்களைச் செய்து விற்றன.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. மைசனும் நிம்ஃபன்பர்க்கும் தம் பழைய வடிவங்களை இன்றுவரை செய்துகொண்டிருக்கின்றன. ஆகவே உங்களிடம் இருப்பது உண்மையான மைசனாகவும், கேண்ட்லரின் வடிவமாகவும் இருந்தும், 1880இலோ 1950இலோ சுடப்பட்டதாக இருக்கலாம். அதைப் போலி என்று சொல்லக் கூடாது. 18ஆம் நூற்றாண்டுப் பொருள் என்றும் சொல்லக் கூடாது.

உருவத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கேண்ட்லர் கால உருவங்களில் குறி பெரும்பாலும் சிறியது, மங்கியது. சில நேரம் பீடத்தின் பின்புற ஓரத்தில் ஒளிந்திருக்கும். சிலவற்றில் குறியே இல்லை. நேர்த்தியான பெரிய வாள்களும், தெளிவாகக் கீறிய அச்சு எண்ணும் (அந்த வடிவத்துக்குரிய எண்) சேர்ந்திருந்தால், பெரும்பாலும் பிற்காலத்தது. முகத்தையும் பாருங்கள். பழைய உருவங்களின் புருவமும் உதடும் ஒன்றிரண்டு விரைவான தூரிகைக் கோடுகள். பின்னாளைய முகங்கள் அழகாக, கவனமாக, சற்று இனிப்பாக இருக்கும். இறுதியில், உறுதியாகத் தெரிந்த பழைய உருவத்தின் அருகே வைத்து ஒப்பிடுவதே சிறந்த சோதனை. படங்களைக் கொண்டு மட்டும் காலத்தைத் தீர்மானிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விரிசலோ ஒட்டிய விரலோ இருந்தால் மதிப்புப் போய்விடுமா?

சூளையிலேயே விழுந்த விரிசல் ஒரு குறையாகக் கருதப்படுவதில்லை. அதன் ஓரங்களில் மெருகு வழிந்து மழுங்கியிருக்கும். பின்னால் ஏற்பட்ட முறிவின் ஓரம் கூர்மையாக இருக்கும். விரல், தொப்பியின் விளிம்பு, மரமட்டை, பீடத்து இலைகள் ஆகியவை முதலில் உடைபவை. 280 ஆண்டுகளைக் கடந்த உருவத்தில் அவற்றில் ஒன்று ஒட்டப்பட்டிருப்பது இயல்பு. மறைத்துச் செய்த பழுதைப் புற ஊதா விளக்கில் பார்த்தால், பிற்காலப் பூச்சு சுற்றியுள்ள மெருகிலிருந்து வேறுபட்டு ஒளிரும். விற்பவர் பழுதைத் தாமாகவே எழுதிக் கொடுத்திருந்தால் அதை ஒரு நல்ல அறிகுறியாகக் கொள்ளுங்கள்.

வீட்டில் எப்படிப் பராமரிப்பது?

கையையோ தலையையோ பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை பீடத்தின் அடியிலும் மறு கை உடலின் மீதும் இருக்கட்டும். மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும். பழுது பார்த்த உருவத்தை நீரில் ஊறவைத்தால் பழைய பசை இளகிவிடும்.

பழைய உருவத்தை வாங்குமுன் அதன் வரலாற்றைக் கேட்பது ஏன் முக்கியம்?

ஜெர்மனியின் பெரிய பீங்கான் சேகரிப்புகள் சில யூதக் குடும்பங்களுக்கு உரியவை. நாஜி ஆட்சி அவற்றைப் பறித்தது. ட்ரெஸ்டனின் வங்கியாளர் குடும்பமான ஃபொன் க்ளெம்பரர் சேர்த்துவைத்த மைசன் சேகரிப்பு 1938இல் பறிமுதல் செய்யப்பட்டது. 1945 பிப்ரவரியில் ட்ரெஸ்டன் மீது குண்டுகள் விழுந்தபோது அதில் பெரும்பகுதி நொறுங்கியது. இடிபாடுகளிலிருந்து எடுத்த துண்டுகளும் தப்பியவையும் 1991இல்தான் குடும்பத்தாரிடம் திரும்பின. அவர்கள் பெரும்பாலானவற்றை ட்ரெஸ்டன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார்கள். ஆகவே 1933க்கும் 1945க்கும் இடையில் ஓர் உருவம் யாரிடம் இருந்தது என்று கேட்பது வாங்குபவரின் கடமை. பதில் இல்லாத இடத்தில் வாங்காமல் விடுவதே நேர்மை.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

மைசன் உருவங்களுக்கு ட்ரெஸ்டனின் ஸ்விங்கர் அரண்மனையிலுள்ள பீங்கான் சேகரிப்பு. பூஸ்தெல்லிக்கு மியூனிக்கின் பவேரிய தேசிய அருங்காட்சியகம். லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகங்களில் பல தொழிற்சாலைகளின் உருவங்களை ஒருசேரப் பார்க்கலாம். கனடாவில் இருப்பவர்களும் அங்கே செல்பவர்களும் டொரான்டோவின் கார்டினர் அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. 1984இல் திறக்கப்பட்ட அங்கே நகைச்சுவை நாடகப் பீங்கான்களுக்கென்றே பெயர்பெற்ற சேகரிப்பு உள்ளது.

எங்கே போனாலும், பெட்டிக்கு முன் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். விருந்தினர் நாற்காலியில் அமர்ந்து பார்த்த உயரத்துக்குச் சற்றுக் குனிந்து, உருவத்தின் கண் எங்கே பார்க்கிறது என்று கவனியுங்கள். அந்தப் பார்வையின் கோட்டைத் தொடர்ந்து போனால், பக்கத்துத் தட்டிலோ எதிர்ப் பெட்டியிலோ அதன் இணை நின்றுகொண்டிருக்கக்கூடும்.